வெட்டிய இடத்தில் வெள்ளைப் பள்ளம்

மைக்ரோசாஃப்ட் பெயின்ட் 1985-இல் முதல் விண்டோஸுடனேயே வந்தது. அலுவலகங்களில் அதைத் திறக்கும் பலர் எதையும் வரைவதில்லை. ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டி, ஒரு துண்டைப் பிடித்து நகர்த்தி, சேமித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆகவே அதன் தூரிகைகளை விட்டுவிட்டு இந்த ஒரு வேலையை வைத்தே எடை போடலாம். கேட்க வேண்டியவை இரண்டு: நாம் நினைத்த துண்டு மட்டும் கையில் வருகிறதா? எடுத்த இடத்தில் என்ன மிஞ்சுகிறது?

செவ்வகத் தேர்வில் குறை சொல்ல அதிகமில்லை. புள்ளிக்கோட்டுக் கட்டம் போட்டு இழுத்தால் துண்டு நகரும். கன்ட்ரோலை அழுத்தி இழுத்தால் நகல் விழும். அம்புக்குறி விசையால் நுணுக்கமாகத் தள்ளலாம். கட்டம் இருக்கும்வரை துண்டு மேலே மிதக்கிறது, அடியிலுள்ள படத்துக்குச் சேதமில்லை. வெளியே ஒரு கிளிக் செய்தால் ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு அன்டூ ஒன்றே கதி. எக்ஸ்பி காலத்தில் அதுவும் மூன்றே முறைதான். விண்டோஸ் 7-இல் ஐம்பதானது.

இனி, எடுத்த இடம். அங்கே பின்னணி நிறமான 'நிறம் 2' வந்து நிரம்புகிறது. வழக்கமாக அது வெள்ளை, அதனால் நீல வானத்திலிருந்து பறவையை நகர்த்தினால் வெள்ளைப் பள்ளம் விழும். முதலில் நிறமெடுக்கும் கருவியால் வானத்தை வலது கிளிக் செய்துவிட்டால் நிறம் 2 அந்த நீலமாகிவிடும், பள்ளமும் தெரியாது. இந்த வித்தையைத் திரையில் எதுவும் சொல்லித்தருவதில்லை. ஒரே சீரான நிறத்தில்தான் இது பலிக்கும். புகைப்பட வானம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிந்துவிடும்.

கையால் சுற்றி வளைக்கும் தேர்வு இன்னும் பலவீனம். 1984-இல் ஆப்பிளின் மேக் கணினிக்காக பில் அட்கின்சன் எழுதிய வரைகலை மென்பொருளான மேக்பெயின்ட்டில் சுருக்குக்கயிறு (லாசோ) போட்டால், வெள்ளையை விட்டுவிட்டு உருவத்தின் கருப்புப் புள்ளிகளோடு அது இறுகிக்கொள்ளும். கருப்பு, வெள்ளை இரண்டே நிறம் என்பதால் அதற்கு அது எளிது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பெயின்ட்டிலோ மவுஸ் பிடித்த கை எப்படி நடுங்கியதோ அப்படியே விளிம்பு.

இதற்கு மாற்றாக உள்ள 'ஒளிபுகும் தேர்வு'தான் அதிகம் ஏமாற்றுகிறது. அது நிறம் 2-ஐ மட்டும் மறைக்கிறது, அதுவும் அச்சுப்பிசகாமல் அதே நிறமாக இருந்தால்தான். ஜேபெக் கோப்பிலிருந்து ஒரு முத்திரையை எடுத்துப் பச்சைப் பின்னணியில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த பிக்சல்களில் பல, முழு வெள்ளைக்குரிய 255 அல்ல, 254, 252 என்று நழுவியிருக்கும். அவையெல்லாம் மறையாமல் எழுத்தைச் சுற்றி அழுக்காகப் படிந்து நிற்கும். கிம்ப், போட்டோஷாப் போன்றவற்றில் 'இவ்வளவு வித்தியாசம்வரை ஒரே நிறமாகக் கொள்' என்று அளவு வைக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை.

2023-இல் விண்டோஸ் 11 பெயின்ட்டுக்கு லேயர் (அடுக்கு) வந்ததும், பின்னணி நீக்கும் வசதி வந்ததும் நல்லதே. துண்டைத் தனி அடுக்கில் வைத்துக்கொண்டால் அவசரப்பட்டு ஒட்டிவிடும் பயமில்லை. ஆனால் ஏற்கெனவே தட்டையாக இருக்கும் படத்தில் விழுந்த பள்ளத்தை லேயர் நிரப்பாது. பிஎன்ஜி-யாகச் சேமித்தால் அடுக்குகளும் ஒன்றாகிவிடும்.

ஸ்கிரீன்ஷாட், வரைபடம், ஒரே நிறப் பரப்புள்ள படம் ஆகியவற்றுக்குப் பெயின்ட் போதும். பெரிய மென்பொருள் திறந்து முடிப்பதற்குள் இங்கே வேலையே முடிந்திருக்கும். புகைப்படத்துக்கு ஆகாது. நிற வித்தியாச அளவை மாற்ற ஒரே ஒரு நகர்த்துபட்டை இருந்திருந்தால் இதன் தரம் ஒரு படி ஏறியிருக்கும். லேயருக்கு முன்பே வந்திருக்க வேண்டியது அதுதான்.