பிள்ளையின் பழக்கமும் பாடசாலையின் பழக்கமும்

'நற்பழக்கம்' என்பது நமது ஆரம்பப் பாடசாலைகளில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற சொல்லாகும். சுவர்களிலே அது எழுதப்பட்டிருக்கிறது. காலைக் கூட்டங்களிலே போதிக்கப்படுகிறது. பாடசாலை அபிவிருத்தித் திட்டங்களின் முன்னுரிமைப் பட்டியலில் தவறாது இடம்பிடிக்கிறது. நேரந்தவறாமை, தூய்மை, வீட்டுவேலையை ஒழுங்காகச் செய்தல், நாள்தோறும் வாசித்தல் ஆகியவற்றை வேண்டாமென்னும் ஆசிரியர் எவருமிலர். ஆயின் இப்பழக்கங்கள் எங்கிருந்து தோன்றுகின்றன? இக்கேள்வியை எழுப்பாது வரையப்படும் திட்டம் வன்னி மண்ணில் வெறும் உபதேசமாகவே முடியும்.

நடைமுறையிலுள்ள கருத்து யாது? பழக்கம் என்பது பிள்ளை தன் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியது. கொண்டுவராத பிள்ளை குறையுடையது. அக்குறையைச் சுட்டிப் பெற்றோரை எச்சரிப்பது பாடசாலையின் கடமை. மேசையும் மின்விளக்கும், அருகிலிருந்து வாசித்துக் காட்டும் தாயும், வேளைக்கு உணவும் உள்ள வீட்டை அளவுகோலாகக் கொண்டு பிறந்த கருத்து இது. அத்தகைய வீட்டிலே பழக்கம் தானாக விளைந்தது போலத் தோன்றும். உண்மையில் ஓய்வும் வசதியுமே அங்கு அதனை விளைவித்தன. அதே அளவுகோலை முத்தையன்கட்டிலோ நெடுங்கேணியிலோ வயலை அண்டிய கூலிக் குடும்பமொன்றின் வாசலுக்கு எடுத்துச் செல்லும்போது, வர்க்க வேறுபாடு ஒழுக்க வேறுபாடாக உருமாறிவிடுகின்றது. யானைக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்திருந்த வீட்டுப் பிள்ளை வகுப்பிலே கண்ணயர்ந்தால், அது சோம்பல். மாரி வெள்ளம் பாதையை மூட, அது பிந்தி வந்தால் ஒழுங்கீனம். அறுவடைக் காலத்தில் தாயும் தகப்பனும் கூலிக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டால் அக்கறையின்மை. வறுமைக்குப் புதுப்பெயர் சூட்டுவதில் நாம் வல்லவர்களாகிவிட்டோம்.

வன்னியின் அண்மைக்கால வரலாற்றையும் இவ்விடத்தில் மனங்கொள்ள வேண்டும். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டனர்; அவர்களுட் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாமில் இருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே முகாமிலிருந்த பிள்ளைகள் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமர்த்தப்பட்டனர். 2012 செப்டெம்பரிலேதான் மெனிக் பாம் மூடப்பட்டது. அன்று பத்துப் பதினைந்து வயதினராயிருந்த சிறுவர் சிறுமியருட் பலரே இன்று முதலாந்தரப் பிள்ளைகளின் பெற்றோர். பதுங்குகுழிக்கும் கூடாரத்துக்குமிடையே கல்வி சிதறிப்போன அத்தலைமுறையை நோக்கி, வீட்டிலே வாசிக்கும் பழக்கத்தை ஊட்டுமாறு அறிவுரை கூறுவது என்ன நியாயம்? 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் நீண்டகாலம் மூடிக்கிடந்தன. கைத்தொலைபேசி உள்ளவனுக்கே வகுப்பு என்ற நிலை தோன்றிற்று. 2022இல் எரிபொருள் இன்றி அவை மீண்டும் மூடப்பட்டன. இத்தனை முறிவுகளுக்குப் பின்னும் பிள்ளைகள் புத்தகப்பையுடன் வந்து நிற்கிறார்களே, அதுவே வியந்து போற்றத்தக்கதொரு பழக்கமல்லவா?

பிள்ளையின் பழக்கத்தை அளக்கும் நாம் பாடசாலையின் பழக்கங்களை அளப்பதில்லை. பாடசாலைக்கும் பழக்கங்கள் உண்டு. அவற்றுட் சில தீய பழக்கங்கள்.

முதலாவது, ஆசிரியர் நிலைத்திராமை. 'கஷ்டப் பிரதேசம்', 'அதிகஷ்டப் பிரதேசம்' என வகுக்கப்பட்ட பாடசாலைகள் நியமனம் பெறும் பலருக்குத் தங்குமடங்களாகவே உள்ளன. விதித்த காலம் கழிந்ததும் இடமாற்றம் வருகின்றது. குற்றத்தை அவ்வாசிரியர் தலையிற் சுமத்துவது எளிது. குடியிருக்க விடுதியின்றி, விடிவதற்கு முன் பேருந்தேறி, பொழுதுபட வீடு திரும்பும் ஒருவரிடம் தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பது நேர்மையாகாது. ஆயினும் விளைவு பிள்ளைக்கே. ஒரு செயலை ஒருவர் துணையுடன் பலநாள் செய்து வருவதால் உண்டாவது பழக்கம். ஆண்டுதோறும் ஆள் மாறும் வகுப்பறை, தொடங்குவதை மட்டுமே பிள்ளைக்குக் கற்பிக்கின்றது.

இரண்டாவது, பூட்டிய அலுமாரி. ஒக்டோபர் மாதத்தை வாசிப்பு மாதமென்று கொண்டாடுகிறோம். சுலோக அட்டைகளுடன் ஊர்வலமும் போகிறோம். கதைப்புத்தகங்களோ பல இடங்களில் அலுமாரிக்குள் இருக்கின்றன. பொருட்கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் பொறுப்பாளர் விடைசொல்ல வேண்டும். அதனால், எவரும் தொடாத புத்தகமே பத்திரமான புத்தகமாகிவிடுகின்றது. வாசிப்புப் பழக்கத்திற்கு இதைவிடப் பெரிய பகை வேண்டுமா?

மூன்றாவது, ஐந்தாந்தரப் பரீட்சைக்கு அடிமைப்பட்டிருத்தல். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலத்தில், சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் மத்திய பாடசாலைகளோடு இணைந்து நின்ற புலமைப்பரிசில், ஏழைக் கிராமத்துப் பிள்ளைக்கு ஏணியாகக் கருதப்பட்டது. இன்று அது புகழ்பெற்ற நகரப் பாடசாலைகளின் வாயிற்காவலனாக நிற்கின்றது. 1999இல் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றையும் இணைத்துக் கற்பிக்கச் சொன்னது. சிறந்த நோக்கம்! ஆனால் மூன்றாந்தரத்திலேயே மாதிரி வினாத்தாளும் மாலைநேரத் தனியார் வகுப்பும் தொடங்கிவிடுமாயின், பிள்ளை பெறும் பழக்கம் யாது? கேட்டுத் தெளிவதற்கு முன் விடைக்குப் புள்ளடி இடும் பழக்கம். அருகிலிருப்பவனைத் தோழனாகவன்றிப் போட்டியாளனாகப் பார்க்கும் பழக்கம். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய சிலரின் படங்கள் பதாகைகளிலே தொங்குகின்றன. தாண்டாத பலர் ஆறாந்தரத்திற்கு வரும்போது ஒரு பந்தியைத் தடையின்றி வாசிக்க இடர்ப்படுவதை இடைநிலை வகுப்பு ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். அவர்களுக்கென எந்தப் பதாகை?

இவ்விடத்தில் முற்போக்காளர் சிலரின் வாதத்தையும் விமரிசிக்க வேண்டும். 'சமுதாய அமைப்பு மாறினாலன்றிப் பாடசாலையால் ஆவதொன்றுமில்லை' என்பது அவ்வாதம். புரட்சிகரமாக ஒலிப்பினும், நடைமுறையில் இது கைகட்டி நிற்பதற்கே நியாயம் தேடித் தருகின்றது. பிள்ளை எந்த நாளையும் காத்திருந்து வளர்வதில்லை, இன்றே வளர்கின்றது. உள்நாட்டுப் போரின் அழிவுக்கிடையே, 1920இல் பொல்தாவாவின் அருகே வீடற்ற இளைஞரைக் கொண்டு ஒரு குடியிருப்பை அமைத்த மக்கரெங்கோ, நீதிபோதனையால் அவர்களைத் திருத்த முற்படவில்லை. கூட்டு உழைப்பும் பகிர்ந்த பொறுப்பும் நாளாந்த ஒழுங்கும் அங்கே பழக்கத்தை உருவாக்கின. இத்தாலியின் மலைக்கிராமமான பார்பியானாவில் லொரென்சோ மிலானி என்னும் பாதிரியாரிடம் கற்ற எட்டு மாணவர் 1967இல் ஓர் ஆசிரியைக்கு எழுதிய நீண்ட கடிதம் உலகறிந்தது. தோற்கடிக்கப்பட்ட பிள்ளைகளின் தந்தையர் என்ன தொழில் செய்தனர் என்று அவர்கள் கணக்கெடுத்துக் காட்டினர். 'மந்தப் பிள்ளை' என்ற பழியின் பின்னால் நின்ற வர்க்கத்தை அக்கணக்கு அம்பலப்படுத்திற்று.

நம் நிலத்திலேயே முன்மாதிரி உண்டு. 1970களின் பிற்பகுதியில் காந்தீய அமைப்பின் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் வவுனியாவை மையமாகக் கொண்டு, இடம்பெயர்ந்து வந்த மலையகக் குடும்பங்களைக் குடியேற்றினர். கூடவே கிராமங்களிற் பாலர் பாடசாலைகளையும் நடத்தினர். 1983 யூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். நிலமும் உணவும் கல்வியும் ஒன்றையொன்று பிரியாதவை என்ற அவர்களின் தெளிவு நமக்கு எஞ்சியிருக்கின்றது.

ஆகவே முன்னுரிமைகளின் வரிசை மாறவேண்டும். முதலில் உணவு. பாடசாலை உணவுத் திட்டம் 2024இல் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் கொடுப்பனவு பிந்தும்போது கடன்பட்டுச் சமைப்பவள் ஊர்ப்பெண்ணே. அவளது கணக்கைக் காலந்தவறாது தீர்ப்பதும் 'நேரந்தவறாமை' என்ற பாடத்தில் அடங்கும். அடுத்து, முதலிரு வகுப்புகளையும் ஒரே ஆசிரியர் தொடர்ந்து நடத்த ஏற்பாடும், அவர் ஊரிலே தங்க விடுதியும். மூன்றாவதாக, திறந்த அலுமாரி: கிழிந்த புத்தகத்தை இழப்பாகக் கொள்ளாது பயன்பாடாகக் கணக்கிடும் விதி. நான்காவதாக, நாள்தோறும் பாடசாலை நேரத்துக்குள்ளேயே அரைமணி நேர வாசிப்பு; பெரியவன் சிறியவனுக்கு வாசித்துக் காட்டட்டும். பல தரங்களை ஓராசிரியர் ஒருங்கே கற்பிக்கும் சிறு பாடசாலைக்கு இது சுமையாகாது, கைகொடுக்கும். வீட்டிலே விளக்கும் துணையும் இல்லாத பிள்ளைக்கு வீட்டுவேலை ஒரு தண்டனை. அவ்வேலையைப் பாடசாலையிலேயே முடித்துக்கொள்ள அதற்கு இடமளிப்போம். இவையெல்லாம் நிறைவேறிய பின்னர் பிள்ளையின் பழக்கத்தைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

நமது திட்டப் படிவங்களில் 'பொறுப்பு' என்றொரு நிரல் இருக்கின்றது. நற்பழக்கத்துக்கு நேரே அதில் 'பெற்றோர், மாணவர்' என்று எழுதி அமைதி கொள்வது இலகு. அந்நிரலில் வலயத்தின் பெயரையும், மாகாணத்தின் பெயரையும், ஆசிரியர்களாகிய நமது பெயரையும் எழுதக் கோருவோம். தொழிற்சங்கக் கூட்டங்களிலே சம்பளத்தோடு சேர்த்து இதனையும் பேசுவோம். போரிலே அனைத்தையும் இழந்த மக்கள் மிஞ்சியிருந்த ஒரே செல்வத்தைக் காலை ஏழரை மணிக்கு நமது வாயிலிற் கொண்டுவந்து விடுகிறார்கள். அவர்களது நம்பிக்கைக்கு நாம் எதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம்?