பேகனின் போர்வையும் மலையகத்துச் சுருக்குக் கம்பியும்

மலையகத்து விலங்குகளைப் பற்றி எழுதப்பெற்ற ஆங்கில நூல்களுள் பழையதும் பெயர்பெற்றதுமான ஒன்று, சாமுவேல் பேக்கரின் 'இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும்'. நுவரெலியாவிற் குடியேறிப் பண்ணை அமைத்த பேக்கர், 1854 இல் இதனை வெளியிட்டார். வேட்டைச் சாகச நூல் என்றே இது பெரும்பாலும் படிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின், இரக்கம் என்னும் உணர்ச்சி இந்நூலில் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்று நோக்குவோர்க்கு அது வேறொரு செய்தியைத் தருகின்றது.

பேக்கரின் வேட்டைநாய்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, குணம் உண்டு. அவை மடியும்போது எழுத்தில் உண்மையான துயரம் தோய்கின்றது. அந்நாய்கள் துரத்திப் பிடித்த மரைகளுக்குப் பெயரில்லை, எண்ணிக்கை உண்டு. பொதி சுமந்து உடன்சென்ற கூலிகளுக்கோ, பெரும்பாலும், பெயருமில்லை எண்ணிக்கையுமில்லை. பேக்கரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அது திறனாய்வு ஆகாது. துப்பாக்கியை விடுத்துக் கத்தியொன்றையே கொண்டு மரையை எதிர்கொள்வதுதான் நேர்மையான வேட்டை என்று கருதியவர் அவர். அவருக்கும் ஓர் அறம் இருந்தது. தம் உடைமையாகிய உயிரிடத்து நிறைந்து நின்ற அந்த அன்பு, உடைமையின் எல்லையோடு நின்றுவிட்டது என்பதே ஈண்டுக் கருதற்குரியது.

இவ்வெல்லை தனிமனிதர் ஒருவரின் குறைபாடு அன்று. 1845 இல் இடிவிழுந்து இறந்து நுவரெலியாவில் அடக்கம்பெற்ற மேஜர் றொஜர்ஸ், ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேற் கொன்றவர் என்று பெருமையாகவே பேசப்பட்டார். கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. யானை மலையகத்தினின்றும் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. விளையாட்டுக்கு விலங்கு குறைந்து வருவதைக் கண்ட பின்னரே, 1894 இல் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோர் பெரும்பாலும் தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியருமே! வனசீவராசிகளைக் காக்கும் கட்டளைச்சட்டம் 1937 இல் வந்தது. அச்சட்டத்தின் பயனை மறுத்தற்கில்லை. எனினும் காட்டை அழித்த பொருளாதாரத்தை அது வினவவில்லை.

இப்பின்னணியிலேதான் 2020 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நல்லதண்ணியிலே நிகழ்ந்ததை நோக்க வேண்டும். தோட்டப் பகுதியொன்றில் மரக்கறிப் பாத்திக்கு அண்மையில் வைக்கப்பட்டிருந்த சுருக்குக் கம்பியிற் கறுஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. மயக்கமருந்து ஏற்றப்பட்டு, சிகிச்சைக்காக உடவளவைக்கு எடுத்துச் செல்லப்பட்ட அவ்விலங்கு, சில நாள்களில் இறந்தது. இலங்கைக்கே உரிய சிறுத்தையினத்தில் இத்தகைய கருநிற உயிர் மிக அரிது. நாடெங்கும் துயரம் எழுந்தது, எழுந்தது நன்றே. ஆனால் அத்துயரம் மிக விரைவிலேயே 'தோட்டத்து ஆட்கள்' மீதான சினமாகவும் திரும்பியது.

சுருக்குக் கம்பி மிகக் கொடிய கருவி. மலிவானது, ஓசையற்றது, எவ்வுயிர் வருகிறது என்று பாராதது. இழுக்க இழுக்க இறுகி இடுப்பையோ கழுத்தையோ அறுப்பது. அதற்கு எவ்வகை நியாயமும் கற்பித்தல் தகாது. எனினும் அது பெரிதும் வைக்கப்படுவது சிறுத்தைக்கன்று, காட்டுப்பன்றிக்கு. நாட்கூலியால் நிரம்பாத வயிற்றுக்கு லயத்தின் பின்புறத்துப் பாத்தி ஒரு துணை. ஓரிரவிற் பன்றி அதனைக் கிளறிவிட்டால் இழப்பீடு கேட்க அத்தொழிலாளியிடம் உறுதியும் இல்லை, நிலமும் இல்லை. 1948 ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை இழந்து, பின்னர் பல்லாண்டு போராடி அதனைப் பெற்றவர்களுள் மிகப் பலர்க்கு, தாம் குடியிருக்கும் நிலம் இன்றளவும் சொந்தமாகவில்லை. பன்றியை இரையாக்கும் சிறுத்தையே அப்பாத்திக்கு இயற்கை தந்த காவல் என்பதை விளக்கிச் சொல்ல லயத்துக்கு வந்தோர் சிலர். வழக்கோடு வருவோர் பலர்.

அவ்வாறாயின், விலங்குக்கு இரங்குவோரை நோக்கி 'மனிதரைப் பாருங்கள்' என்று நகைப்பதுதான் விடையா? முற்போக்கு விமரிசனம் சிலவேளை இவ்வழியிற் சென்று இடறுவதுண்டு. இதற்குப் புறநானூறு வேறொரு நெறி காட்டுகின்றது. மயில் குளிரில் நடுங்குகிறதென்று எண்ணிப் போர்வை ஈந்த பேகனை வள்ளல் எழுவருள் ஒருவனாகவே தமிழ் மரபு போற்றும். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவள்பொருட்டு அவனிடம் பாடிச் சென்றனர். அவர்களுட் பரணரின் வாதம் நுட்பமானது. மயிலுக்கு இரங்கியது மடமை என்று அவர் பழிக்கவில்லை. மயிலுக்கு இரங்கிய அந்த நெஞ்சையே விளித்து, அவ்விரக்கத்தை வாயிலில் அழுது நிற்பவள் வரையும் நீட்டுமாறு வேண்டுகிறார். கறுஞ்சிறுத்தைக்கு அழுதவர்களிடம் வைக்கத்தக்க விண்ணப்பமும் இதுவே. பரிசில் வேண்டாத புலவரின் துணிவு அதற்குத் தேவை என்பது வேறு விடயம்.

இவ்விண்ணப்பம் மலையக இலக்கியத்துக்கும் உரியது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களில் மலை, உறவைப் பறிகொடுத்த இடமாகவே பெரிதும் நினைக்கப்படுகின்றது. அண்ணனை இழந்த மலையைக் கைகாட்டும் தங்கையின் குரலை மறத்தல் அரிது. காடு அங்கே அட்டையும் குளிரும் காய்ச்சலும் நிறைந்த பகை. உயிர்பிழைக்க வந்தோர் வேறெவ்வாறு பாடியிருக்க முடியும்? பின்வந்த சிறுகதைகளும் நாவல்களும் துரையையும் கங்காணியையும் கூர்ந்து வரைந்த அளவுக்குத் தேயிலை நிரைக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட எல்லையை வரைந்தனவென்று கூறுதற்கில்லை. மரையையும் சிறுத்தையையும் பற்றி விரித்தெழுதும் பணி பேக்கர் போன்றார் கைகளிலேயே நெடுங்காலம் விடப்பட்டது.

எழுதப்படாத பொருள் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கின்றது. அட்டன், பொகவந்தலாவை முதலிய பகுதிகளின் தேயிலைச் செடிகளுக்கிடையே சிறுத்தைக் குட்டிகள் தென்பட்டதாகச் செய்திகள் அவ்வப்போது வெளிவருகின்றன. கொழுந்து பறிக்கும் பெண்ணே அவற்றை முதலிற் காண்பவள். தாய்ச்சிறுத்தை எப்பக்கத்தில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அன்றைய நிறையை எட்டாவிட்டாற் கூலி குறையும். அவள் குரலெழுப்பி, நிரையை விட்டு விலகி, அதிகாரிகளுக்கு அறிவித்தபின், குட்டிகளைத் தாய் கவ்விச் செல்லும்வரை அம்மலையிற் கொழுந்து பறிக்கப்படாது நிற்கும் பொழுதுக்கு, எந்தக் கணக்கப்பிள்ளை பெயர் போடுவான்?