பீன்ஸ் குறிப்பில் விடுபட்ட மூன்று நிமிடம்

பத்திரிகைகளின் மகளிர் பகுதியிலும், சமையல் நூல்களிலும், இப்போது கைப்பேசியிலும் அடிக்கடி காணப்படும் வீட்டுக் குறிப்பு ஒன்று உண்டு. பீன்ஸ் மலிவாகக் கிடைக்கும்போது நிறைய வாங்கி, கழுவி நறுக்கி, பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் பச்சைப் பசேலென்று இருக்கும் என்பதே அது. ஆனால் சில வாரங்கள் சென்று பையைப் பிரித்தால், காய் நிறம் மங்கி, வைக்கோல் வாடை வீசுகிறது. பழி ஃப்ரீசரின் மேல் விழுகிறது. உண்மையில் விசாரிக்கப்பட வேண்டியது அந்தக் குறிப்புதான்.

பறித்த பிறகும் பீன்ஸ் உயிருள்ள பொருள். அதன் செல்களில் நொதிகள் எனப்படும் புரதங்கள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. நிறத்தையும் மணத்தையும் சத்தையும் மாற்றுபவை இவையே. குளிர் இவற்றின் வேகத்தைக் குறைக்கும், அடியோடு நிறுத்தாது. நிறுத்துவதற்கு வெப்பம் வேண்டும். ஆகவே ஃப்ரீசருக்குப் போகுமுன் பீன்ஸைக் கொதிநீரில் 3 நிமிடம் இட்டு எடுக்க வேண்டும். அரைக் கிலோ காய்க்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீர் தேவை. காயைப் போட்டதும் அடங்கும் கொதி மீண்டும் எழுந்த பின்னரே நிமிடத்தை எண்ண வேண்டும். பிறகு, அதே அளவு நேரம் ஐஸ் நீரில் ஆறவைத்து, ஈரம் போக வடித்துப் பையில் இடலாம்.

இதை அரைகுறையாகச் செய்வது செய்யாமல் விடுவதைவிடக் கெடுதல். போதாத வெப்பம் நொதிகளைத் தூண்டிவிடும். மிகுதியாகக் கொதித்தாலோ சுவையும் வைட்டமினும் நீரோடு போகும். இடத்தையும் பார்க்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தண்ணீர் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. பீன்ஸ் விளையும் கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். எனவே அங்கே 4 நிமிடம் தேவை. காரணம் தெரிந்தவருக்கே இந்த மாற்றம் தோன்றும்.

இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. கொத்தவரங்காய் வற்றல் போடுகிறவர்கள் காயை அப்படியே வெயிலில் பரப்புவதில்லை. உப்பிட்ட கொதிநீரில் சற்றே வாட்டி எடுத்துத்தான் காயவைக்கிறார்கள். நொதி என்ற சொல் அறியாத கைகளும் அந்தப் படியைத் தவறவிடவில்லை. புதிய சாதனத்துக்கான குறிப்பை எழுதியவர்கள் தவறவிட்டுவிட்டார்கள்.

அடுத்த குறை, எவ்வளவு வைக்கலாம் என்று சொல்லாதது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். பீன்ஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 30 டிகிரியில் உள்ள 1 கிலோ காயை உறையவைத்து மைனஸ் 18 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 110 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதில் ஏறத்தாழ 72 கிலோ கலோரி, தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம். மூன்று கிலோவை ஒரே நாளில் சிறிய ஃப்ரீசரில் திணித்தால் இவ்வளவு வெப்பமும் மெதுவாகத்தான் வெளியேறும். மெதுவாக உறையும் நீர் பெரிய படிகங்களாக வளர்ந்து செல் சுவர்களைக் கிழிக்கும். சமைக்கும்போது காய் தொளதொளத்துப் போகும். 28 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் ஒரு கிலோ, அல்லது சற்றே கூடுதல் என்பது பொதுவான அளவு. மின்சாரம் நின்று, உருகி, மறுபடி உறைந்தாலும் இதே கெடுதல்தான்.

இன்னொரு குழப்பம் நட்சத்திரங்களால் வருவது. நம் நாட்டில் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியுள்ள நட்சத்திரங்கள் மின்சிக்கனத்தைக் குறிப்பவை; ஃப்ரீசரின் குளிரை அல்ல. ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் உறைபகுதி மைனஸ் 18 டிகிரியை எட்டுவதில்லை. அங்கே மாதக்கணக்கு பொருந்தாது. உறைவதால் கிருமிகள் எல்லாம் செத்துவிடும் என்பதும் தவறு. பெரும்பாலானவை உறங்கிக் கிடந்து, உருகியதும் பெருகும். ஆகவே எடுத்த காயை உருகவிடாமல் நேரே அடுப்பில் இடுவதே நல்லது.

வீட்டுக் குறிப்பு என்ற எழுத்து வகையை நாம் இகழ வேண்டியதில்லை. எந்த அறிவியல் நூலும் நுழையாத அடுக்களையில் அது நுழைகிறது. அதன் சுருக்கமே அதன் பலம். ஆனால் காரணத்தை வெட்டிச் சுருக்கினால் மிஞ்சுவது வெறும் கட்டளை. கட்டளையைப் பின்பற்றி ஏமாந்தவர் காயையும் காசையும் இழக்கிறார். பாடநூல் மட்டும் சளைத்ததா? உள்ளுறை வெப்பத்துக்குச் சூத்திரம் தருகிறது. அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒன்றில் காரணம் இல்லை. மற்றொன்றில் காய் இல்லை.

மாணவர்களே, நீங்களே சோதித்துப் பாருங்கள். பச்சை பீன்ஸ் ஒன்றையும், 3 நிமிடம் கொதிநீரில் இட்டு ஆறவைத்த ஒன்றையும் தனித்தனியே நசுக்கி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளிகளை விடுங்கள். பச்சைக் காய் நுரைக்கும். அதன் நொதி ஆக்சிஜனைப் பிரிக்கிறது. மற்றதில் அந்த நுரை எழாது. சோதித்த காயை உண்ண வேண்டாம். அடுத்த முறை வீட்டில் யாரேனும் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டினால், விடுபட்ட 3 நிமிடத்தைக் காரணத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள்.