குளிருக்கு உடுத்தும் நயம்

ஜனவரி மாதத்து ஒட்டாவாவைப் பற்றி யாராவது கேட்டால் நான் வெப்பமானியிலிருந்து தொடங்குவதில்லை. மைனஸ் 15, மைனஸ் 20 என்று சொன்னால் கேட்பவர் 'அடேயப்பா' என்பார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். தஞ்சாவூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ அங்கே படிக்கப் போகிற பிள்ளைக்கு முதல் குளிர்காலம் காட்டும் அழகுகள் நுணுக்கமானவை, பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டியவை. மாணவர் விடுதியின் வாசலில், இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு சிறிய இடைகழி உண்டு. வெளிக்கதவைச் சாத்திய பிறகுதான் உள்கதவைத் திறப்பார்கள். தெருவின் குளிர் அந்த இடைகழியோடு நின்றுவிடும். சுவரோரம் பூட்ஸுகள் வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து உருகிய பனிநீர் தட்டில் தேங்கியிருக்கும். கொக்கிகளில் கனத்த கோட்டுகள் தொங்கும். வாருங்கள், அங்கே கொஞ்சம் நிற்போம்.

குளிருக்கு உடுத்துவது ஒரு தேர்ந்த கலை. "தடியா ஒண்ணு வாங்காதீங்க தம்பி, மெல்லிசா மூணு போடுங்க" என்று மேல்வகுப்பு அக்கா ஒருவர் புதிதாக வந்த பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதை அந்த இடைகழியில் கேட்கலாம். உடம்போடு ஒட்டி, வியர்வையை வாங்கி வெளியே தள்ளுகிற தெர்மல் முதலில். அதன்மேல் கம்பளி. அதற்கும் மேல் காற்றையும் ஈரத்தையும் தடுக்கிற கோட்டு. நம் ஊர்ப் பருத்தி இங்கே பின்வாங்கிவிடும், அது ஈரத்தை வாங்கினால் லேசில் விடாது. இந்த மூன்றும் சேர்ந்து செய்கிற வேலையின் நேர்த்தியைப் பாருங்கள். துணி எதுவும் தானாகச் சூடு தருவதில்லை. துணிக்கும் துணிக்கும் இடையில் அசையாமல் நிற்கிற காற்றுதான் உடம்பின் சூட்டைப் பிடித்துவைக்கிறது. வாழைமட்டையைக் குறுக்கே நறுக்கியிருப்பீர்கள், உள்ளே தடுப்புத் தடுப்பாகக் காற்றறைகள் இருக்கும். குளிருக்குச் சரியாக உடுத்தியவரும் அப்படித்தான், பாதி துணி, பாதி காற்று. நடக்கத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் மார்பிலிருந்து ஒரு மெல்லிய கதகதப்பு எழுந்து தோளுக்கு வரும். அது கடன் வாங்கிய சூடு அல்ல, முழுக்க நம்முடையது. அந்தச் சுகத்தை வெயில் ஊரில் பிறந்தவர் அதற்குமுன் அறிந்திருக்கவே வழியில்லை.

கம்பளியைத் தனியாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆட்டின் ரோமம் நேராக வளர்வதில்லை, நெளிந்து சுருண்டு வளர்கிறது. அந்த நெளிவுகளில்தான் காற்று தங்குகிறது. தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஈரத்தை வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியிடவும் செய்கிறது. மழையிலும் பனியிலும் நின்று மேய்கிற ஒரு பிராணி தனக்காக வளர்த்துக்கொண்ட இந்த நுட்பத்தை நாம் அப்படியே இரவல் வாங்கி, பின்னி, தலையில் குல்லாயாகவும் கழுத்தில் மஃப்ளராகவும் சுற்றிக்கொள்கிறோம். கையால் பின்னிய குல்லாயின் விளிம்பைக் கவனியுங்கள். மேல்பாகத்தைவிட அங்கே பின்னல் நெருக்கமாக, வரிவரியாக இருக்கும். காதை இறுக்காமல் காதோடு இருப்பதற்காக ஒரு கை யோசித்துச் செய்த மாற்றம் அது.

கோட்டின் தலைமூடியில் ஓரமாக ரோமம் வைத்துத் தைத்திருப்பதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. அதன் பின்னால் வட துருவத்தை ஒட்டி வாழும் இனுவிட் பெண்களின் ஊசி இருக்கிறது. அவர்கள் கரிபூ மானின் தோலில் இரண்டு அங்கிகள் தைத்தார்கள். உள்ளங்கியின் ரோமம் உடம்பைப் பார்த்திருக்கும், வெளியங்கியின் ரோமம் வானத்தைப் பார்த்திருக்கும், நடுவில் காற்று. கரிபூவின் ரோமத்துக்குள்ளேயே காற்று நிறைந்த நுண்ணறைகள் உண்டு. முகத்தைச் சுற்றிவரும் ஓரத்துக்கு வுல்வரின் என்ற விலங்கின் ரோமத்தைத் தேடிச் சேர்த்தார்கள். மூச்சின் ஈரம் அதில் பனியாக உறைந்தாலும் கையால் தட்டினால் உதிர்ந்துவிடும். தைக்க எடுத்தது தசைநார். நனைந்தால் அது பருத்து ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். கடல்நாயின் (சீல்) தோலில் பூட்ஸ் தைக்கும்போது ஊசி தோலின் பாதிக் கனத்தோடு திரும்பிவிடும், மறுபக்கம் துளை விழாது. விரல் நுனியில் எத்தனை தலைமுறைக் கவனம்! கடையில் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நிற்கும் நம் மாணவர் அந்தப் பெண்களின் மாணவர்தான்.

குளிருக்குப் பழகுவதில் பிறர் காட்டித்தர வேண்டிய நுணுக்கங்கள் உண்டு. நம்மில் மிகப் பெரியவர் ஒருவருக்கும் அது தேவைப்பட்டது. கும்பகோணத்தில் வளர்ந்து 1914இல் கேம்பிரிட்ஜுக்குப் போன கணிதமேதை ராமானுஜன், இரவில் மேல்கோட்டைப் போட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்று பிரசாந்த சந்திர மகலனோபிஸிடம் சொன்னார். பின்னாளில் புள்ளியியலில் பெயர் பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். அவர் படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் வேண்டிய அளவுக்கு இருந்தன. ஆனால் ஆங்கிலேயர் வழக்கப்படி மெத்தைக்கடியில் இறுக்கமாகச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தன. அவற்றை மடித்து விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. மகலனோபிஸ் எப்படி நுழைவதென்று செய்து காட்டினார், ராமானுஜன் நெகிழ்ந்துபோனார். இந்த நிகழ்ச்சியில் என்னை ஈர்ப்பது அந்தப் படுக்கையின் மடிப்புதான். வெளியிலிருந்து பார்த்தால் மழமழவென்று வழியே இல்லாத பரப்பு. தலைமாட்டில் ஓர் ஓரத்தைத் தூக்கினால் உள்ளே அடுக்கடுக்காகக் கதகதப்பு. அந்த ஓரத்தைத் தூக்கிக் காட்ட வங்கத்திலிருந்து வந்த ஒரு நண்பர் கிடைத்தார் என்பதை எப்போது நினைத்தாலும் மனம் இளகுகிறது.

இனி கதவைத் திறந்து வெளியே போவோம். காலடியில் ஒலியைக் கேளுங்கள். பூஜ்யத்தை ஒட்டிய நாளில் பனி ஈரமாக, மெத்தென்று, சத்தமில்லாமல் அமுங்கும். மைனஸ் 10க்குக் கீழே போய்விட்டால் ஒவ்வொரு அடிக்கும் 'கிறீச்' என்று பேசும். பனித்துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ளாமல் ஒன்றோடொன்று உரசி நொறுங்குகிற ஒலி அது. குளிர் கூடக் கூட ஒலியும் கூர்மையாகும். ஓரிரு குளிர்காலம் பழகியவர்கள் செல்பேசியைப் பார்க்காமலே, வாசலில் வைத்த முதல் அடியிலேயே, இன்று மிட்டன் போட வேண்டிய நாள் என்று சொல்லிவிடுவார்கள். (மிட்டனுக்குள் நான்கு விரல்களும் ஒரே அறையில் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். ஐந்து விரல் கையுறை அழகாக இருக்கலாம், எனக்கு மிட்டன்தான் பிரியம்.) புதுப்பனி விழுந்த காலையிலோ ஊரின் ஓசையே தணிந்திருக்கும். பஞ்சென விழுந்த பனியின் இடுக்குகள் ஒலியை வாங்கிக்கொள்வதால், தெருமுனைப் பேருந்துகூடப் பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்கும்.

அப்படியொரு காலையில், காற்றில்லாமல் பனி மெதுவாக இறங்கும்போது, கறுத்த கம்பளிக் கோட்டின் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். துகள் ஒன்று வந்து அமரும். மூச்சை அந்தப் பக்கம் விடாமல் குனிந்து பாருங்கள். ஆறு கிளை, ஒவ்வொரு கிளையிலும் இருபுறமும் சிறுகிளைகள், சிறுகிளை நுனியில் இன்னும் நுண்ணிய பற்கள், எல்லாம் ஒரு பொட்டின் அகலத்துக்குள். நீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகக் கைகோத்துக்கொள்வதால் இந்த ஆறு வந்தது. மேகத்தில் மைனஸ் 15ஐ ஒட்டிய குளிர் இருந்தால் இப்படிக் கிளை விரிந்த நட்சத்திரம் வளரும். மைனஸ் 5ஐ ஒட்டியிருந்தால் ஊசியாகவும் குட்டித் தூணாகவும் வளரும். ஆகவே கைமீது விழுந்த வடிவத்தைப் பார்த்தே மேலே இருக்கும் மேகத்தின் நிலையைச் சொல்லலாம். வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிகோ என்ற சிற்றூரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885இல் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஜப்பானின் ஹொக்கைடோவில் உகிச்சிரோ நகாயா 1936இல் குளிரறையில் பனிப்படிகத்தைச் செயற்கையாகவே வளர்த்தார். படிகம் பற்றிக்கொண்டு வளர அவர் தேர்ந்தெடுத்தது முயலின் ஒற்றை மயிரிழை. அந்தத் தேர்வின் மென்மையை எண்ணி எண்ணி வியக்கிறேன். கோட்டின் கையில் இருந்த நட்சத்திரம் இதற்குள் உருகியிருக்கும். பரவாயில்லை, அடுத்தது வந்துகொண்டிருக்கிறது.

ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடங்களை இணைக்கும் சுரங்கப்பாதைகள் உண்டு. கோட்டே இல்லாமல் வகுப்புக்கு வகுப்பு போகலாம். வசதிதான், ஆனால் அதே வளாகத்தின் விளிம்பில் ரீடோ கால்வாய் இருக்கும்போது நிலத்தடியில் நடக்க மனம் வராது.

1832இல் கட்டி முடித்த கால்வாய் அது. குளிர்காலத்தில் நகர மையத்திலிருந்து பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹார்ட்வெல்ஸ் மதகு வரை 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு உறைந்து, மக்கள் சறுக்கிப் போகிற சாலையாகிவிடும். 1970ஆம் ஆண்டு ஜனவரியில் மண்வாரியும் துடைப்பமும் கொண்டு பனியைத் தள்ளி முதன்முதலில் திறந்தார்கள். இலையுதிர் காலத்தில் நீரின் மட்டத்தைக் குறைத்து, உறைய விட்டு, பனிக்கட்டி சுமார் 30 சென்டிமீட்டர் தடித்த பிறகே ஆட்களை விடுகிறார்கள். இரவில் பணியாளர்கள் மேற்பரப்பில் நீரைப் பாய்ச்சி, பகலில் விழுந்த கீறல்களை மூடுகிறார்கள். காலையில் முதல் ஆளாகப் போனால் அந்தப் பளபளப்பைப் பார்க்கலாம். கட்டிக்குள் வெள்ளைக் குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைபட்டிருக்கும். மெல்லிய விரிசல்கள் ஆழத்துக்கு இறங்கும். புத்தகப் பையை முதுகில் போட்டுக்கொண்டு மாணவர்கள் வகுப்புக்குச் சறுக்கிப்போகிற அழகு அந்த ஊருக்கே உரியது. நம் பிள்ளைகள் முதலில் கைகளை விரித்து, முழங்காலை வளைத்து, சின்னச் சின்னதாய் அடி வைப்பார்கள். பிறகு ஒருநாள் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்குத் தானாக வழுக்கிப் போகும், சறுக்குக் காலணியின் இரும்பு அலகு பனியில் நீண்ட வளைகோடு ஒன்றை இழுக்கும். அந்தக் கோட்டைத் திரும்பிப் பார்க்கிற முகத்தில் வரும் மலர்ச்சிக்கு ஈடில்லை. 2023இல் குளிர் போதாமல் அந்தச் சாலை ஒருநாள்கூடத் திறக்கவில்லை, திறந்த காலம் முதல் அப்படி நடந்ததே இல்லை. வெயில் ஊர்களிலிருந்து வந்து அந்தக் கால்வாயில் சறுக்கப் பழகியவர்களும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து அன்று வருந்தினார்கள்.

மார்ச்சில் குளிரின் பிடி தளரும்போது கடைசி நயம் ஒன்று வரும். இரவில் உறைந்து பகலில் இளகுகிற நாட்களில் மேப்பிள் மரத்தில் சாறு ஓடத் தொடங்கும். ஒட்டாவாவை அடுத்த லானார்க் பகுதித் தோப்புகளில் மரத்தில் சிறுதுளையிட்டு அதை இறக்குவார்கள். பார்க்கத் தண்ணீர், நாக்கில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்கிற இனிப்பு. சுமார் 40 லிட்டரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. கொட்டகையில் விறகுப்புகையும் இனித்த நீராவியுமாக மணக்கும். பதம் ஏறிய பாகைச் சுத்தமான பனிமேல் நீள நீளக் கோடுகளாக ஊற்றுவார்கள். சூடு பனியைத் தொட்ட கணம் பாகு பொன்னிறமாக இறுகி, மிட்டாய்ப் பதத்துக்கு வரும். குச்சியால் சுருட்டி எடுத்து அப்படியே வாயில் போட வேண்டும். வெளியே சில்லென்று, உள்ளே இளஞ்சூடாய், பல்லில் ஒட்டுகிற இனிப்பு. கோட்டின் ஜிப்பை நெஞ்சுவரை இறக்கிவிட்டு, மிட்டனைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, நம் பிள்ளைகள் அடுத்த குச்சிக்கு மறுபடி வரிசையில் நிற்பார்கள்.