ஈகையா? உரிமையா?

வறியவர்க்கு ஈவதே வாழ்வின் பயன் என்று பாடாத புலவர் தமிழில் அரியர். அந்தப் புகழ்மாலைகளுக்கு நடுவே, ஈகையின் குறையை ஒரு கதையால் காட்டிவிட்ட காப்பியமும் உண்டு. சாத்தனாரின் மணிமேகலையே அது. அமுதசுரபி என்றதும் அள்ள அள்ளக் குறையாத சோறு நம் நினைவுக்கு வரும். ஆனால், அக்கலத்தை மணிமேகலைக்கு முன் ஏந்திய ஆபுத்திரன் என்ன ஆனான் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் சோறிடுகிறான் ஆபுத்திரன். அவன்மீது சினந்த இந்திரன், பஞ்சத்தில் வாடிய பாண்டிய நாட்டில் மழையைப் பொழிவிக்கிறான். நாடு செழிக்கிறது. உண்பாரைத் தேடி அலைகிறான் ஆபுத்திரன், ஒருவரும் இல்லை. பஞ்சம் வாட்டும் சாவக நாட்டுக்குக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு, கலத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் துறக்கிறான்.

வானவனும் வற்றாக் கலமும் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவை, அவற்றை ஒதுக்கிவிடுவோம். எஞ்சுவது என்ன? நாட்டில் பசி ஒழிந்தது. மகிழ வேண்டிய வள்ளலோ மடிகிறான்! இரப்பவன் இல்லையேல் ஈபவனுக்கு வாழ்வில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வள்ளுவர் ஈகையைப் போற்றினார். ஆனால் அதோடு நிற்கவில்லை. இரவச்சம் என்று தனி அதிகாரம் வகுத்து, இரந்துதான் வாழவேண்டுமெனில் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்றும் சபித்தார். கொடுப்பவன் புகழை மட்டுமே பாடிய நாட்டில், கேட்பவன் மானத்தை எண்ணிய குரல் அது.

இவ்விரு நோக்குகளும் மேலை நாட்டிலும் மோதின. 1869-இல் இலண்டனில் தோன்றிய அறப்பணி அமைப்புக் கழகம், உதவி நாடி வந்தவரை விசாரித்து, தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்று பிரித்தது. ஒவ்வொருவர் நிலையையும் கேட்டறிந்து பதிவு செய்யும் முறையைச் சமூகப் பணிக்குத் தந்தது அக்கழகமே, அதை மறுக்கமாட்டோம். ஆயினும், வறுமையின் வேரை ஏழையின் ஒழுக்கத்திலே அது தேடியது. 1884-இல் அதே இலண்டனில் எழுந்த டாயின்பி மண்டபமும், 1889-இல் ஜேன் ஆடம்சும் எலன் கேட்சு ஸ்டாரும் சிகாகோவில் நிறுவிய ஹல் இல்லமும் ஏழையர் தெருவிலேயே குடியேறின. அங்கே குறைகூலியையும் குழந்தை உழைப்பையும் கண்டனர் ஹல் இல்லத்தார். 1893-இல் இல்லினாய் மாநிலம் தொழிற்சாலைச் சட்டம் இயற்றியது. அவ்வில்லத்தில் வாழ்ந்த புளோரன்சு கெல்லி அதன் தலைமை ஆய்வாளரானார். “நீ யார்?” என்று கேட்டது கழகம்; “உன்னை இப்படி ஆக்கியது எது?” என்று கேட்டது இல்லம்.

முதல் கேள்வியின் கொடுமையைச் சென்னை மாகாணம் அறியும். 1876–78 பஞ்சத்தின்போது, செலவைச் சுருக்க வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பசித்தவன் சோம்பேறியாகிவிடுவானோ என்பதே ஆட்சியின் கவலை!

இரண்டாம் கேள்விக்கு நம் மண் தந்த விடை பள்ளிச் சோறு. 1920-இல் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956-இலும் 1982-இலும் விரிந்து, 2022-இல் காலை உணவாகவும் வளர்ந்தது. அங்கே குழந்தையின் ஒழுக்கத்தை எவரும் விசாரிப்பதில்லை.

இந்த உரைகல்லில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை உரைத்துப் பார்ப்போம். மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல், மண்ணின்மேல் சிமெண்டு ஆலைகள். செயங்கொண்டம் வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்திற்கென 1990-களில் நிலம் எடுக்கப்பட்டது. நிலம் போயிற்று, மின்நிலையமோ எழவில்லை. பெரு நிறுவனங்கள் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். நன்று. ஆனால், நிலமிழந்தவன் கேட்பது நியாய விலையும் வேலையும். அவற்றுக்கு ஈடாகத் தையல் இயந்திரம் தந்து படம் எடுத்துக்கொள்வது அறமாகுமா?

அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில், கூலித் தொழிலாளி மகள் அனிதா 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றார். நீட் தேர்வு அவரைத் தகுதியற்றவர் என்றது. உச்ச நீதிமன்றம்வரை சென்று உரிமை கேட்டார், கிடைக்கவில்லை. 2017 செப்டம்பரில் அவரை இழந்தோம். அதன்பின் அரசு நீட்டிய 7 இலட்ச ரூபாயை ஏற்க மறுத்தது அவர் குடும்பம். உரிமையை மறுத்தவர் உதவியை நீட்டினால் என்ன விடை கிடைக்கும் என்பதை அந்த எளிய வீடு நாட்டுக்கு உணர்த்தியது.

தோழர்காள்! பசித்தவனுக்கு இன்றே சோறிடுங்கள். தத்துவம் பேசிக் காக்கவைக்காதீர்கள். ஆனால் சோறிட்ட கையால் முதியோர் ஓய்வூதிய மனுவையும் எழுதிக் கொடுங்கள். கூலிக் கணக்கைச் சரிபாருங்கள். நில இழப்பீட்டு வழக்கில் துணை நில்லுங்கள். உங்கள் கலத்தை நாடி ஒருவரும் வாராத நாளே உங்கள் வெற்றி நாள். அந்நாளில் ஆபுத்திரனைப்போல் மடியவேண்டாம். கலத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த பணிக்குப் புறப்படுங்கள்.