வரிசையில் நின்றால் போதும்

சிங்கப்பூர் கிராஃபோர்ட் லேனில், அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே தாய் ஹுவா நூடுல்ஸ் கடை. 2016-இல் மிஷலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்ற கடைதான். ஆனாலும் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நாமேதான் இடம் தேட வேண்டும். மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ பிடித்த இடம், தொடக்கூடாது! கிண்ணத்தின் அடியில் கருப்பு வினிகரும் மிளகாயும். அதன்மேல் வெந்த நூடுல்ஸ், கொத்திய பன்றியிறைச்சி, ஈரல், மொறுமொறுவெனப் பொரித்த கருவாடு. கிளறியதும் புளிப்பு மூக்கில் ஏறும்.

டோக்கியோ கின்சாவின் சுகியபாஷி ஜிரோ சுஷி கடையும் ஆடம்பர மாளிகையில் இல்லை; நிலத்தடித் தளத்தில், பத்தே இருக்கைகளோடு இருக்கிறது. சுஷி அபாரமாம். ஆனால், பொதுமக்கள் முன்பதிவு செய்ய வழியில்லை என்று 2019-இல் மிஷலினே அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. காசிருந்தும் நுழைய முடியாத கடை எதற்கு? என் ஓட்டு நூடுல்ஸுக்கே.