பண்டித ராமாபாயின் சமய எழுத்துகளில் ஆன்ம நலமும் விடுதலையும்

முன்னுரை

இந்தியக் கிறித்தவ இலக்கியத்தில் மதமாற்றம் பெரும்பாலும் ஒரு நம்பிக்கையிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் பயணமாகவே சித்திரிக்கப்படுகிறது. புனே மாவட்டத்துக் கேட்காவில் முக்தி இல்லத்தை நிறுவிய பண்டித ராமாபாயின் (1858-1922) எழுத்துகள் இப்பொதுப்போக்கினின்று வேறுபடுகின்றன. ஏற்றுக்கொண்ட சமயத்திற்குள்ளும் விடுதலையைத் தேடிய குரலை அவற்றில் கேட்கலாம்.

திருச்சபையும் மனச்சான்றும்

ராமாபாய் 1883இல் இங்கிலாந்தின் வாண்டேஜ் நகரில் ஆங்கிலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கும் அருட்சகோதரி ஜெரால்டினுக்கும் இடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து 1977இல் நூலாக வெளிவந்தது. மூவொருமைக் கோட்பாடு, குருமாரின் அதிகாரம் ஆகியவற்றை அவர் இக்கடிதங்களில் வினாவுக்கு உட்படுத்துகிறார். சிலுவையில் இலத்தீன் வாசகத்திற்கு மாற்றாக வடமொழி வாசகம் இருத்தல் வேண்டும் என வாதிடுகிறார். புரோகிதரின் நுகத்தடியிலிருந்து விடுபட்டவர் வேறொரு நுகத்தடியை ஏற்க இயலாது என்பதே 1885ஆம் ஆண்டுக் கடிதத்தின் சாரம்.

நலம் பெறுதல்

புராணம் படித்துத் தலங்கள்தோறும் அலைந்த குடும்பத்தில் வளர்ந்த ராமாபாய், பஞ்சக் காலத்தில் பெற்றோரையும் தமக்கையையும் இழந்தார். நோன்பும் தலயாத்திரையும் அவர்களைக் காக்கவில்லை. 1907இல் வெளிவந்த தன்வரலாற்றுச் சான்றுரையில், கிறித்தவ சமயத்தை ஏற்றதையும் கிறித்துவை உணர்ந்ததையும் அவர் இருவேறு நிகழ்வுகளாகப் பிரித்துக் காட்டுகிறார். இரண்டாவது நிகழ்வு திருமுழுக்கிற்குச் சுமார் எட்டாண்டுகளுக்குப் பின்னரே நேர்ந்தது. புண்ணியத்தை ஈட்டியே மீட்படைய வேண்டும் என்னும் சுமை நீங்கியதே அவர் பெற்ற ஆன்ம நலம் எனலாம்.

மொழித் தேர்வும் முரணும்

சிலுவைக்கு வடமொழி வேண்டிய ராமாபாய், தம் மராத்தி விவிலிய மொழிபெயர்ப்பில் வடமொழிச் செறிவு மிக்க நடையைத் தவிர்த்து எளிய மராத்தியை நாடினார். மேலோட்டமாக இது முரணாகத் தோன்றும். எனினும் இரண்டிற்கும் அளவுகோல் ஒன்றே. அயல்நாட்டார் வலியுறுத்திய இலத்தீனும், பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த வடமொழியும் கடவுளுக்கும் மனிதர்க்கும் இடையே தடையாயின. தமிழில் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900) ‘இரட்சணிய யாத்திரிக’த்தில் காப்பிய மரபைக் கிறித்தவத்திற்கு உரியதாக்கினார். அங்கு மரபு பாலமாயிற்று. இங்கு மரபின் மொழியே மதிலாயிற்று. கற்றோர்க்கு எழுதிய புலவருக்கும், பஞ்சத்தில் மீட்கப்பட்ட எழுத்தறியாச் சிறுமியர்க்கு எழுதிய பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு இது.

இவ்விடுதலைக்கும் ஓர் எல்லை உண்டு. சமயச் சார்பின்மை உறுதியளிக்கப்பட்ட சாரதா சதனத்தில், மாணவியர் கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டமை 1893இல் பெரும் சர்ச்சையாயிற்று. ரானடே, பண்டார்கர் முதலியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். ஆதரவு தேடி வந்த சிறுமியர், தம்மைக் காத்தவரின் நம்பிக்கையை மறுக்கும் உரிமையை எந்த அளவிற்குப் பெற்றிருந்தனர் என்னும் வினா ராமாபாயின் சொந்த அளவுகோலிலிருந்தே எழுகிறது.

முடிவுரை

ராமாபாயின் எழுத்தில் ஆன்ம நலம் என்பது கோட்பாட்டிற்குப் பணிதலன்று. இடைநிற்போரின்றி இறைவனை அணுகும் துணிவு. அத்துணிவைத் தமக்கெனப் போராடிப் பெற்றவர் அவர். பிறர்க்கும் அதனை முழுமையாக வழங்கினாரா என்பதை மதிப்பிட, முக்தி இல்லப் பெண்களின் வாழ்க்கைச் சான்றுகளும் ஆய்வுக்கு உட்படுத்தப்பெற வேண்டும்.